பினாங்கு மூன்றாம் முறை: சாப்பாடு ஒரு பக்கம், ஒயின் ஒரு பக்கம் கிடக்கிறதே?

மாம்பலத்தான் | திங்கள், இரவு 9.12

வணக்கம். வழக்கமாகப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இந்தத் தடவை ஒரு கேள்வி இருக்கிறது.

2008-ல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரம் ஒன்றை நிறுவிக் கொடுக்க எட்டு மாதம் பினாங்கில் இருந்தேன். ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஜூலை மாதம் நான் அங்கேதான். அடுத்து 2014-ல் மனைவியோடு ஐந்து நாள். தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்து சில மாதம் ஆகியிருந்தது. டாக்சிக்காரர் அதைக் காட்டுவதற்காகவே சுற்றி ஓட்டினார், காசும் வாங்கினார். இப்போது பதினோரு வருஷம் கழித்து மறுபடி.

இதற்கிடையில் வீட்டில் ஒரு மாற்றம். ஒரு கல்யாணத்துக்கு நாசிக் போனபோது அங்கே திராட்சைத் தோட்டத்தில் மூன்று குவளை ருசி பார்த்தாள் என் மனைவி. அன்றிலிருந்து ஒயின் பக்தை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிற பக்தன். வருகிற மாதம் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். பாரிஸா, பினாங்கா என்று கேட்டேன். "லக்சா கிடைக்காத ஊரில் என்ன கல்யாண நாள்" என்றாள். லக்சா என்றால் பினாங்கின் புளிப்பான மீன் நூடுல்ஸ் சூப். முடிந்தது.

சிக்கல் இதுதான். பினாங்கில் நான் ருசித்துச் சாப்பிட்டதெல்லாம் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து. இணையத்தில் தேடினால் நல்ல ஒயின் பட்டியல் உள்ள இடமெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி ஸ்பகெட்டி போடுகிறார்கள். ஐந்து ராத்திரி இருக்கிறது. பினாங்குக்குப் போய் ஸ்பகெட்டி சாப்பிட எனக்கு விருப்பமில்லை. உள்ளூர்ச் சாப்பாடும் ஒரு நல்ல போத்தலும் ஒரே மேசைக்கு வர வழி உண்டா?

ஆயர் ஈத்தாம் அக்கா | திங்கள், இரவு 10.40

பசியாறியாச்சா தம்பி? இந்த நேரத்தில் லக்சாவைப் பற்றி எழுதி எங்கள் வயிற்றைக் கிளறிவிட்டீர்கள்.

வழி உண்டு. ஆனால் எந்தக் கடையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாமாக் கடை, நாசி கண்டார் கடை என்றால் போத்தலை மறந்துவிடுங்கள். பையில் வைத்திருந்தாலும் வெளியே எடுக்காதீர்கள். அது முஸ்லிம் சகோதரர்கள் நடத்தும் இடம், ஹலால். அங்கே தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) இருக்கிறது, தே ஓ ஐஸ் லிமாவ் (பாலில்லாத எலுமிச்சை ஐஸ் தேநீர்) இருக்கிறது, போதும்.

சீனர் கோப்பிக்கடை வேறு கதை. அங்கே தண்ணி, அதாவது கோப்பி, தேநீர் போன்ற பானம், விற்பவர்தான் கடைக்காரர். சுற்றி நிற்கும் ஒட்டுக்கடைகள் எல்லாம் அவரிடம் வாடகைக்கு இருப்பவை. அதனால் நீங்கள் எந்த ஒட்டுக்கடையில் சாப்பிட்டாலும் தண்ணி அவரிடம்தான் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மேசைக் காசு என்று ஐம்பது காசு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) போடுவார். சொந்தப் போத்தல் கொண்டுபோனால் முதலிலேயே அவரிடம் கேளுங்கள். "தவுக்கே, போலே தா?" (முதலாளி, செய்யலாமா?) என்று சிரித்துக் கேட்டால் பாதிப்பேர் சரி என்பார்கள். கூடவே ஒரு வாளி ஐஸுக்குக் காசு கொடுத்து, ஆளுக்கொரு பார்லி தண்ணியும் சொல்லிவிடுங்கள். அவர் முகம் மலர்ந்துவிடும்.

குவளை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அங்கே கிடைப்பது கோப்பி ஓ (பாலில்லாத கோப்பி) குடிக்கும் தடித்த கண்ணாடிக் குவளைதான். அதில் ஊற்றினால் உங்கள் வீட்டம்மா என்னைத் திட்டுவார்.

லக்சாவுக்கு மதியமே போங்கள். சாயந்தரம் போனால் சட்டி அடியில் மீன் கரைந்து கூழாக இருக்கும். சிலர் அதுதான் ருசி என்பார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது.

கடையநல்லூர்ப் பேரன் | செவ்வாய், காலை 7.55

அக்கா மாமாக் கடையைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார், நன்றி. நான் அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

என் தாத்தா கடையநல்லூரிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். 1926-ல் கட்டிய கப்பல் அது. 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் வயதைச் சொல்லும்போது "ரஜூலா ஓடின காலம்" என்றுதான் கணக்கு. தாத்தா துறைமுகத்துக் கூலிகளுக்குக் காலையில் சோறு விற்றார். காவடி போல ஒரு கம்பு. ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் கறிச்சட்டிகள். மலாய்க்காரர் அப்படித் தோளில் சுமப்பதைக் கண்டார் என்கிறார்கள், அதனால் நாசி கண்டார். தாத்தாவின் வலது தோளில் அந்தக் கம்பு உட்கார்ந்த இடம் ஒரு விரல் ஆழத்துக்குத் தழும்பாகவே இருந்தது. சின்ன வயதில் நான் அதில் விரல் வைத்து விளையாடுவேன். வலிக்கவில்லையா என்று கேட்டால் சிரிப்பார்.

மாம்பலத்தான் சார், 2014-ல் எப்படிச் சாப்பிட்டீர்களோ தெரியாது. கேட்கும் முறை இது: சோறு, அப்புறம் ஒரே ஒரு பெரிய துண்டு (கோழியோ மீனோ), அப்புறம் பெண்டி. பெண்டி என்றால் நம் வெண்டிக்காய்தான்; பெயரிலேயே ஊர் தெரிகிறது. கடைசியில் "குவா சம்போர், பஞ்சிர்" என்று சொல்லுங்கள். எல்லாக் குழம்பும் கலந்து, வெள்ளம் போல. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, கறுப்புக் குழம்பு எல்லாம் ஒரே சோற்றில் இறங்கி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். சாம்பாரையும் மீன்குழம்பையும் கலப்பதா என்று. கலக்காமல் சாப்பிட்டால் அது வெறும் சோறும் கறியும். அதைச் சாப்பிட விமானம் ஏற வேண்டியதில்லை.

ஒயின் பற்றி எனக்குக் கருத்தில்லை. குடிப்பதில்லை.

புளிப்பு மானி | செவ்வாய், காலை 11.20

கோலாலம்பூரில் ஒயின் இறக்குமதித் தொழிலில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை, சும்மா சொல்கிறேன்.

முதலில் சிவப்பு ஒயினைத் தள்ளி வையுங்கள். காரணம் மூன்று. மிளகாய்க் காரத்தின் மேல் சாராயச் சத்து விழுந்தால் எரிச்சல் கூடும். பதினான்கரை சதவீதச் சிவப்பு ஒயின் என்றால் நாக்கில் தீமிதி. அடுத்து, சிவப்பில் இருக்கும் துவர்ப்பு. காரம் பட்ட நாக்கில் அது இன்னும் கசந்து நிற்கும். மூன்றாவது மீன். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலர்ந்த சிப்பிச் சதையை வெவ்வேறு ஒயின்களில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒயினில் இரும்புச் சத்து கூடக்கூட மீன் கவிச்சி கூடியது. பினாங்கு லக்சா என்பது முழுக்க முழுக்கக் கெம்போங் மீன், அதாவது நம் அயிலை வகை. மேலே ஒரு கரண்டி ஹே கோ, இறாலைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கறுப்பு விழுது. இதோடு சிவப்பு ஒயின் சேர்ந்தால் ஆணியைச் சப்பியது போல இருக்கும்.

லக்சாவுக்குப் புளிப்பும் லேசான இனிப்பும் உள்ள ரீஸ்லிங்தான். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் வருகிற காபினெட் வகை எட்டு ஒன்பது சதவீதம்தான் இருக்கும். லக்சாவின் புளிப்பு அசாம் கெலுகோர் தருவது. நம் ஊர்க் குடம்புளிக்குச் சொந்தக்காரப் பழம். சாப்பாட்டை விடப் புளிப்புக் குறைந்த ஒயின் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீராகிவிடும். ரீஸ்லிங் மட்டும் எதிர்த்து நிற்கும். லக்சாவில் போடும் பூங்கா கண்டான், அந்த இஞ்சிப்பூ வாசனை வேறு இருக்கிறது; அதற்கு கெவுர்ஸ்ட்ராமினர் என்று ஒரு ரகம், ரோஜாவும் லிச்சியும் கலந்த மணம். ஆனால் அது புளிப்பில் சோம்பேறி. மணமா புளிப்பா என்றால் என் ஓட்டு புளிப்புக்கு.

சார் கொய்த்தியாவுக்கு, அதாவது தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவலுக்கு, நுரை ஒயின் எதுவானாலும் சரி. கொழுப்பைத் துடைத்துவிடும்.

இந்த ஊரில் மதுவுக்கு வரி கடுமை. அதனால் வரும்போதே கொண்டுவாருங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தீர்வையில்லாமல் அனுமதி. முக்கால் லிட்டர் போத்தல் ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கிழவன் | செவ்வாய், மாலை 6.30

படித்தேன். கல்யாண நாள் வாழ்த்துகள். கோபப்படாமல் கேளுங்கள்.

நான் சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சம்பள நாள் என்றால் எங்கள் அம்மா லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நிற்பார், அப்பா கள்ளுக்கடைக்குத் திரும்புவதற்கு முன்னால் பிடிக்க. பாதி மாதம் பிடிக்க முடியாது. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை வைத்தது யார்? துரைமார். கூலியாகக் கொடுத்த காசு சாயந்தரமே திரும்பி வந்துவிடும் ஏற்பாடு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947-ல் எங்கள் கெடாவில் பீடோங் பக்கம் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன்னால் நின்று மறித்தது. அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். குடிக்காதே என்று சொல்லித் தமிழன் அடி வாங்கிய மண் இது.

இப்போது அதே ஊருக்கு வந்து எந்த ஒயின், எந்தக் குவளை என்று பேசுகிறபோது எனக்கு என்னவோ செய்கிறது. அவ்வளவுதான்.

மாம்பலத்தான் | செவ்வாய், இரவு 8.05

ஐயா, கோபமில்லை. கிள்ளான் கதை எனக்குத் தெரியாது. எட்டு மாதம் அங்கே இருந்தவன், ஒருவரிடமும் கேட்டதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மாமனாரும் குடித்தே போனவர். என் மனைவி ஒரு குவளைக்கு மேல் தொடமாட்டாள், அதையும் ஒரு மணி நேரம் வைத்திருப்பாள். அவளுக்கு அது கணக்கு.

பிறைக்காரன் | செவ்வாய், இரவு 9.50

ஐயா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை. ஆனால் கள்ளையே குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. அது தென்னை. காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்தால் இளநீருக்கு அண்ணன், அவ்வளவுதான். நேரம் போகப்போகத்தான் புளித்து ஏறுகிறது. சாயந்தரம் வரை வைத்து விற்றது கடைக்காரன்.

பினாங்கில் உள்ளூர் மது என்று ஒன்று வேண்டுமானால் அது ஜெர்மனியிலிருந்து வருகிற ரீஸ்லிங் இல்லை, கள்ளுதான். இரண்டாவது பாலம் வந்து இறங்குகிற பத்து கவான் பக்கம் தென்னந்தோப்பு இருந்தது, கள் இருந்தது. கடல் உணவோடு குடிக்கச் சீனர்கள்தான் காரில் வந்து வரிசை கட்டுவார்கள். நாம் வெட்கப்பட்டு விட்டுவிட்டதை அவர்கள் ரசித்துக் குடித்தார்கள். இப்போது அந்தப் பக்கம் தொழிற்சாலையும் அடுக்குமாடியுமாக நிறைகிறது. தேடிப் போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள்.

தோட்டத்துக் கிழவன் | செவ்வாய், இரவு 10.15

இளநீருக்கு அண்ணனா? எங்கள் லயத்தில் அந்த அண்ணன் வீட்டுக்கு வந்த ராத்திரியெல்லாம் சட்டி பானை உடைந்தது தம்பி.

சரி, விடுகிறேன். அவர் கல்யாண நாளுக்கு வந்தவர். நாசி கண்டாருக்கு நம் பேரன் சொன்னபடி போங்கள், அதில் எனக்கும் சம்மதம்.

சித்தியவான் மருமகள் | புதன், காலை 10.02

உள்ளூர் ஒயின் என்று தேடுகிறவர்கள் எங்கள் பேரா மாநிலத்தை மறந்துவிட்டீர்களே. நான் சித்தியவானில் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஹொக்சியூ சீனர்கள் இங்கே 1903-ல் வந்து குடியேறியவர்கள். வீட்டிலேயே சிவப்பு அரிசி ஒயின் போடுவார்கள். ஒட்டும் அரிசியை வேகவைத்து ஆறவிட்டு, சிவப்புப் பூஞ்சணம் ஏற்றிய அரிசியையும் ஈஸ்ட் உருண்டையையும் கலந்து ஜாடியில் மூடி வைப்பது. ஜாடி திறக்கும் நாளில் என் மாமியார் யாரையும் சமையலறையில் கத்திப் பேச விடமாட்டார். ஒயின் கோபித்துக்கொள்ளுமாம்!

குழந்தை பெற்ற பெண்ணுக்கு அந்த ஒயினில் இஞ்சியும் கோழியும் வேகவைத்து மீ சுவா சேமியாவோடு கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். என் அம்மா பட்டர்வர்த்திலிருந்து பூண்டுக் குழம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, இதைப் பார்த்துத் திகைத்துப்போய், கடைசியில் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பினாங்கிலும் சில ஹொக்சியூ கடைகளில் கிடைக்கும். புளிப்பு மானி சார் இதை ஒயின் என்று ஒத்துக்கொள்வாரா தெரியாது.

புளிப்பு மானி | புதன், மதியம் 1.30

ஒத்துக்கொள்ளாமல்? அரிசியிலிருந்து வந்தாலும் ஒயின்தான். என் வீட்டு அலமாரியில் இரண்டு போத்தல் இருக்கிறது. ஆனால் லக்சாவோடு வேண்டாம். அது சூப்புக்குள் இருக்க வேண்டியது, சூப்புக்குப் பக்கத்தில் இல்லை.

பாலேக் பூலாவ் தோட்டக்காரன் | புதன், இரவு 8.44

ஒரே ஒரு எச்சரிக்கை. எந்த மாதம் வருகிறீர்கள்? ஜூன், ஜூலை என்றால் எங்கள் மலைப்பக்கம் டுரியான் விழும் காலம். ஆங் ஹே, ஹோர் லோர் என்று இந்தத் தீவுக்கே உரிய மரங்கள் இருக்கின்றன. முசாங் கிங் ரகம் ஒன்றையே சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆனால் டுரியான் சாப்பிடும் நாளில் ஒயின் கிடையாது. பாட்டி சொல்வது மட்டுமில்லை. டுரியானில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள், சாராயம் உடம்பில் உடையும்போது வரும் நச்சை அகற்றுகிற நொதியைத் தடுக்கின்றன என்று 2009-ல் ஜப்பானில் ட்சுகுபா பல்கலைக்கழகத்தார் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். செத்துப்போவீர்கள் என்று சொல்லவில்லை. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, கல்யாண நாள் வீணாகும்.

கடையநல்லூர்ப் பேரன் | புதன், இரவு 9.01

2009-ல் ஜப்பான்காரர்களுக்கு வேறு வேலையே இல்லையா? ஒருத்தர் சிப்பியை ஊறவைக்கிறார், ஒருத்தர் டுரியானைப் பிழிகிறார்.

மாம்பலத்தான் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

போய் வந்தாயிற்று. இவ்வளவு சொன்னவர்களுக்குக் கணக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

பயணம் சுலபம். 2023 டிசம்பரிலிருந்து நம்மவர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம். வருகை அட்டையை மட்டும் போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானமும் இப்போது இருக்கிறது. 2008-ல் கோலாலம்பூரில் இறங்கி ராத்திரி பஸ் பிடித்தவன் நான்.

முதல் நாள் ராத்திரி புளிப்பு மானியின் பேச்சைக் கேட்கவில்லை. விமான நிலையக் கடையில் ஒரு நல்ல சிவப்பு ஒயின் கண்ணில் பட்டுவிட்டது. கேட்டால் "சும்மா ஒரு சோதனை" என்றேன். மெக்காலிஸ்டர் சாலையிலிருந்து பிரிகிற சந்தில் சாயந்தரம் வைக்கிற ஒட்டுக்கடைகள் தெரியுமே, அங்கே ஒரு கோப்பிக்கடையில் அனுமதி கேட்டு உட்கார்ந்தோம். சார் கொய்த்தியாவ் வந்தது. கரி நெருப்பில் இரும்புச் சட்டி, வாத்து முட்டை, சிப்பி. அரை வேக்காட்டுச் சிப்பியை வாயில் போட்டு அந்த ஒயினை ஒரு மிடறு விழுங்கினேன். ஆணி! நிஜமாகவே ஆணி. என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் குவளையைத் தள்ளி வைத்தாள். போதாததற்கு ராத்திரி ஒன்பது மணிக்கும் முப்பது டிகிரி. ஒயின் கஷாயம் போலச் சுட்டது. கடைக்காரர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் குவளைகளிலேயே போட்டுவிட்டார்! என் மனைவி அலறப் போனவள் அடக்கிக்கொண்டாள். ஒன்று சொல்கிறேன், புளிப்பு மானி மன்னிக்கட்டும்: ஐஸ் போட்ட பிறகு குடிக்க முடிந்தது.

இரண்டாம் நாள் மதியம் ஆயர் ஈத்தாம், லக்சா. போத்தல் இல்லாமலே போனோம். அங்கே நின்றுகொண்டே சாப்பிடுகிற அவசரம். பக்கத்து மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மேலே கெக் லோக் சி கோயில். பதினோரு வருஷமாக மனதில் வைத்திருந்த கிண்ணம் வந்தது. முதல் கரண்டி: இனிப்பு. ரொம்ப இனிப்பு. ஹே கோவைக் கூடப் போட்டுவிட்டார்கள், கைமாறிப்போயிற்று, ஊர் கெட்டுவிட்டது என்று ஆரம்பித்தேன். என் மனைவி தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "அப்படியே அதே லக்சா. மூன்று வருஷமாகச் சர்க்கரை இல்லாத காபி குடிக்கிறீர்களே, நாக்கு மாறியது உங்களுக்கு." அடுத்த கிண்ணத்தில் ஹே கோ வேண்டாம் என்று சொல்லி, எலுமிச்சை கூடப் பிழிந்து சாப்பிட்டேன். அப்போது அந்தப் புளிப்பு, இஞ்சிப்பூ, புதினா எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எங்கள் பாட்டி வைக்கிற திருநெல்வேலி மீன் புளிக்குழம்புக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. 2008-ல் ஏன் தோன்றவில்லை?

சரி, கல்யாண நாள். அது நான்காம் நாள். தெரிந்தவர் ஒருவர் ஒரு சின்ன நியோன்யா (சீன, மலாய்க் கலப்புச் சமையல்) கடையைச் சொன்னார், ஆறே மேசை. போத்தல் கொண்டுவரலாமா என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டோம். திறப்புக் கட்டணம் முப்பது ரிங்கிட் என்றார்கள். நாசிக் ரீஸ்லிங்கைத்தான் கொண்டுபோனோம், மோசல் இல்லை. என் மனைவிக்கு அவள் ஊர்ப் போத்தல்தான் வேண்டுமாம். கல்யாண நாளில் வாதாடக்கூடாது.

ஓத்தாக் ஓத்தாக் வந்தது. வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைத்த மீன். பிரித்தால் தேங்காய்ப்பால் வாசனை, அடியில் காடுக் இலை. அப்புறம் கோழிக் கப்பித்தான் கறி. எலுமிச்சங்காய் இலை வாசனை தூக்கலாக, நம் கோழிக் குழம்பு மாதிரி ஆரம்பித்து வேறு எங்கேயோ போய் முடிகிற கறி. ரீஸ்லிங்கை அப்போதுதான் ஐஸ் வாளியிலிருந்து எடுத்தார்கள். காரமான ஒரு வாய், குளிர்ந்த ஒரு மிடறு. காரம் எரியவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. புளிப்பு மானி சொன்னது உண்மைதான். ஓத்தாக் ஓத்தாக்குக்கு அது இன்னும் நன்றாக இருந்தது; கப்பித்தான் கறியின் தேங்காய்க் கனத்தின் முன்னால் நம் நாசிக் போத்தல் கொஞ்சம் மூச்சு வாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேசையில் ஒரு சீனத் தாத்தாவும் பாட்டியும். லேபிளில் இந்தியா என்று பார்த்துவிட்டு நம்ப முடியாமல் கேட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினோம். தாத்தா குடித்துவிட்டு, துறைமுகத்துக்குத் தீர்வை இல்லாத காலத்தில் இந்த ஊரில் என்னவெல்லாம் கிடைத்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். 1969-ல் அந்த அந்தஸ்து போனது அவருக்கு நேற்று நடந்த மாதிரி. அரை மணி நேரம் போயிற்று. மனைவியின் குவளை அப்போதும் பாதி நிறைந்திருந்தது.

கடைசி ராத்திரி, பேரன் தம்பி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் பத்து மணிக்கு மேல் வரிசை கட்டும் நாசி கண்டார். நாற்பது நிமிஷம் நின்றோம். நீங்கள் சொன்னபடியே கேட்டேன்: ஒரு கோழித் துண்டு, பெண்டி, பஞ்சிர். பரிமாறுகிறவர் ஒரு கையால் தட்டைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் ஐந்து சட்டியிலிருந்து ஊற்றினார், ஒரு சொட்டு வெளியே போகவில்லை. என் மனைவி சைவமாய் வெண்டைக்காயும் பருப்பும் மட்டும் வாங்கலாம் என்று நினைத்தவள், கடைசி நொடியில் மீன் முட்டையைக் காட்டிவிட்டாள். சாப்பாட்டோடு இஞ்சித் தே. அந்தத் தட்டோடு ஒயின் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எழுந்துபோக மனமில்லாமல் இன்னொரு தே வாங்கினோம்.

தோட்டத்துக் கிழவன் ஐயா, மூன்றாம் நாளை உங்களுக்காக வைத்தேன். பத்து கவான் போகவில்லை. படகில் பட்டர்வர்த் போய், அங்கிருந்து வாடகைக் காரில் பீடோங் பக்கம் ஒரு சுற்று. செம்பனைதான் கண்ணுக்கெட்டிய தூரம். ஓரிடத்தில் பழைய லயம் போலத் தெரிந்தது. ஓட்டுநர் அது வேறு ஏதோ கிடங்கு என்றார். இறங்கவில்லை.

தோட்டத்துக் கிழவன் | ஞாயிறு, மாலை 5.10

அந்தப் பக்கம் லயங்களை இடித்து ரொம்ப நாளாயிற்று. போனீர்களே, அது போதும். வீட்டம்மாவிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கடையநல்லூர்ப் பேரன் | ஞாயிறு, மாலை 5.32

மீன் முட்டையைக் காட்டினார்களா? உங்கள் வீட்டு அக்காவுக்கு இனி விமோசனம் இல்லை. அடுத்த வருஷமும் வருவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா | ஞாயிறு, இரவு 9.15

ஹே கோ இல்லாமல் லக்சாவா? எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லமாட்டேன், கவலைப்படாதீர்கள். அந்த விழுது ஒரு டப்பாவாவது வாங்கிப் போனீர்களா இல்லையா?

மாம்பலத்தான் | ஞாயிறு, இரவு 9.48

அவள் இரண்டு டப்பா வாங்கினாள் அக்கா. சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாயோடு. சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் என்ன இது என்று கேட்டார். புளிக்கவைத்த இறால் என்றேன். ஒரு டப்பாவின் மூடி விமானத்திலேயே கொஞ்சம் கழன்றிருந்தது. அவரே பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.